பீரோவுக்குள் இருந்த பட்டம்

என் எம்.எஸ்சி. பட்டம் பல வருடங்கள் என் வீட்டில் இல்லை. கிழக்குத் தாம்பரத்தில் நான் வேலை பார்த்த பள்ளியில், தாளாளர் அறையின் பச்சை இரும்பு பீரோவில் இருந்தது. கூடவே என் பி.எட்.டும் இருந்தது. வேலையில் சேர்ந்த அன்றே, "ஒரிஜினல்ஸ் எல்லாம் ஆபீஸ்ல குடுத்துடுங்க டீச்சர்" என்றார்கள். கொடுத்தேன். எனக்கு முன்னால் சேர்ந்தவர்களும் கொடுத்தார்கள், பின்னால் வந்தவர்களும் கொடுத்தார்கள். வருடத்தின் நடுவில் வேறு பள்ளிக்கு ஓடிவிடக் கூடாதல்லவா, அதற்குத்தான். எங்கள் பக்கத்துத் தனியார் பள்ளிகள் பலவற்றில் இதுதான் வழக்கம். சட்டப்படி செல்லாது என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் அதைப் பற்றி ஆவேசமாகப் பேசுவோம். மணி அடித்ததும் சாக்பீஸை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விடுவோம்.

வெளிநாட்டுக்குப் போக வேண்டும் என்று எனக்கு ஆசையெல்லாம் கிடையாது. என் கணவர் மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் இருக்கிறார். அங்கே ஒரு ஷிஃப்டை நிறுத்திவிட்டார்கள். வீட்டுக் கடன் நிற்கவில்லை. மாலத்தீவில் இயற்பியல் ஆசிரியர்கள் தேவை என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். போனால் என்ன என்று தோன்றியது. அவ்வளவுதான்.

முதலில் தாம்பரம் மேற்கில் ஒரு ஏஜென்டிடம் போனேன். பிரியாணிக் கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். சுவரில் வெளிநாட்டுக் கட்டடங்களின் படங்கள், கீழே ஓடாத ஏ.சி. அந்த ஆள் என்னை உட்கார வைத்து ஒரு தீவின் பெயரைச் சொன்னார். தேடிப் பார்த்தேன். அந்தத் தீவில் பள்ளிக்கூடமே இல்லை, ஹோட்டல்தான் இருந்தது.

"ஸ்கூல் இனிமேதான் வருது மேடம். நீங்க ஒரிஜினல்ஸ் குடுத்துட்டுப் போங்க, மிச்சத்த நான் பார்த்துக்கறேன்."

"ஒரிஜினல் எதுக்கு?"

"என்ன மேடம், நம்பிக்கை இல்லையா?"

"இல்ல."

எழுந்து வந்துவிட்டேன். அவர் அதற்குக் கோபப்பட்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கேட்டார், பதில் சொன்னேன். இந்த ஊரில் எல்லோருக்கும் என் ஒரிஜினல்மேல் கண்.

பிறகு ஏஜென்ட் இல்லாமல் நானே விண்ணப்பித்தேன். ஒரு பள்ளியிலிருந்து வீடியோவில் பேசினார்கள். பாடம் நடத்திக் காட்டச் சொன்னார்கள். சமையலறைக் கதவில் சார்ட் பேப்பரை ஒட்டி, ஒளி விலகல் நடத்தினேன். பக்கத்து வீட்டில் மிக்சி ஓடியது. அந்தப் பள்ளி நிஜமா என்று மூன்று வழிகளில் விசாரித்தேன். அங்கே வேலை செய்யும் ஒரு திருநெல்வேலிக்காரரைப் பிடித்து, வகுப்பறையை ஃபோனில் காட்டச் சொன்னேன். காட்டினார். பெஞ்சைத் தட்டியும் காட்டினார். என் கணவர் சிரித்தார்.

"நீ உன்னையே நம்பமாட்ட. கண்ணாடில போய் ஐடி கார்டு கேப்ப."

வேலை கிடைத்தது. அரசு முத்திரை வாங்கிய எம்.எஸ்சி., பி.எட். இரண்டையும் ஸ்கேன் செய்து மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும், அதை வைத்துத்தான் வேலை விசாவுக்குப் போடுவோம் என்றார்கள். அனுப்பாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். அந்த முத்திரை நகலில் விழாது. ஒரிஜினலின் முதுகில்தான் விழும். ஒரிஜினலோ பச்சை பீரோவில்.

பீரோவிலிருந்து ஒரு சான்றிதழை வெளியே எடுப்பதற்கு எங்கள் பள்ளியில் ஒரு முறை இருந்தது. ஒரு நேரத்தில் ஒன்றுதான் வெளியே போகும். அது திரும்பி வந்தால்தான் அடுத்தது. அத்தோடு இன்னொரு ஆசிரியர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். எடுத்தவர் ஓடிப்போனால், பொறுப்பேற்றவரின் சான்றிதழ்கள் பீரோவை விட்டு வராது. அடகுக் கடையில்கூட இப்படி ஒரு வழக்கம் இருக்காது.

வெளிநாடு என்று சொன்னால் கதை முடிந்தது. அதனால் பிஎச்.டி. பதிவு செய்யப் போகிறேன், பல்கலைக்கழகத்தில் காட்ட வேண்டும் என்றேன். தாளாளர் வெள்ளைச் சட்டை, மெதுவான குரல், யாரையும் திட்டமாட்டார். அப்படிப்பட்டவர்களிடம்தான் எனக்குப் பயம்.

"நல்ல விஷயம்மா. வாசல் போர்டுல டாக்டர்னு போட்டுக்கலாம். யார் கையெழுத்து போடறா?"

அங்கேதான் சிக்கல். ஸ்டாஃப் ரூமில் யாரிடம் கேட்டாலும் முகம் மாறியது. ஒருத்திக்கு மாமியார் உடம்பு சரியில்லை. ஒருத்திக்குப் பேனாவே கிடைக்கவில்லை. கணக்கு டீச்சர் மட்டும், "நான் போடறேன்க்கா" என்றாள். ஏன் என்று கேட்கவில்லை. எனக்கு அதுவே பிடிக்கவில்லை. என்னைவிட நாலைந்து வயது சின்னவள். டிஃபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம் கொண்டு வந்து எல்லோருக்கும் கொடுப்பாள், எதற்கெடுத்தாலும் ஸ்தோத்திரம் சொல்வாள். கேட்டவுடனே தலையை நீட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை. இவளுக்கு என்ன வேண்டும்? பன்னிரண்டாம் வகுப்புப் பொறுப்பு என்னிடம் இருந்தது, அதுவா? இருந்தாலும் வேறு வழியில்லை. அவளிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். சொல்லாமல் அவள் கையெழுத்தை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

"மாலத்தீவா? கடல் நடுவுலயா?" என்று வாயைப் பிளந்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

எம்.எஸ்சி. வெளியே வந்தது. முத்திரையும் வாங்கிவிட்டேன். அதைத் திரும்பக் கொடுத்துவிட்டு பி.எட்.டை எடுக்க வேண்டும். தாளாளர் பின்பக்கம் புரட்டிப் பார்த்தால் என்ன செய்வது என்று ஒரு வாரம் யோசித்தேன். பிளாஸ்டிக் உறையில் பின்பக்கம் தெரியாமல் ஒரு வெள்ளைத் தாளைச் செருகினேன். அதுவரை யாருக்கும் எதுவும் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை கேம்ப் ரோட்டில் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். எங்கள் பள்ளி டீச்சர்களைத் தினமும் ஏற்றிக்கொண்டு போகிற வண்டி. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா டீச்சர், தீவுக்குப் போறீங்களாமே? சொல்லவே இல்ல?"

எம்.எஸ்சி. உறை இருந்த பையை மடிக்கு இழுத்துக்கொண்டேன். "யார் சொன்னது?"

"என் வூட்ல சொல்லிச்சு. சர்ச்சுல பேசிகினாங்களாம். ஸ்கூல் டீச்சர் ஒருத்தருக்கு விசா வரணும்னு ஜெபம் பண்ணாங்களாம். உங்க ஸ்கூல்ல இப்ப பேப்பரத் தூக்கிகினு அலையறது நீங்கதான?"

"எந்த சர்ச்சு?"

"நம்ம கரஸ்பாண்டென்ட் சார் வருவாரே, அதுதான். நீங்க ஒண்ணும் பேஜார் ஆவாதீங்க. அங்க ஜெபம் பண்ணா நடக்கும்."

எனக்குச் சர்ச் பழக்கம் கிடையாது. எங்களுக்குக் குன்றத்தூர் முருகன்தான், அதுவும் வருடத்துக்கு ஒரு தடவை. சேலையூர் சுற்றுவட்டாரத்தில் எத்தனை சர்ச்! கணக்கு டீச்சரும் தாளாளரும் ஒரே சர்ச்சுக்குப் போவார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. அது என் புத்தியில் வராமல் போனது எப்படி என்று இன்னமும் எனக்குப் புரியவில்லை.

முதல் பீரியட் முடியும் முன் பியூன் வந்தார். சார் கூப்பிடுகிறார், எம்.எஸ்சி.யைக் கையோடு கொண்டு வரச் சொன்னார். கொண்டு போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் பி.எட். அவரிடம் இருக்கிறது, கையெழுத்துப் போட்டவளின் சான்றிதழ்களும் இருக்கின்றன. கொண்டு போனேன்.

தாளாளர் உறையிலிருந்து பட்டத்தை உருவினார். நான் செருகிய வெள்ளைத் தாளை எடுத்து ஓரமாக வைத்தார். பட்டத்தைத் திருப்பினார்.

"பிஎச்.டி.க்கு இப்பல்லாம் சிங்க முத்திரை போடறாங்களாம்மா?"

நான் அந்த வெள்ளைத் தாளைப் பார்த்தேன்.

"நேத்து ஆராதனைல பாஸ்டர் ஒரு சகோதரிக்காக ஜெபம் பண்ணச் சொன்னார். வெளிநாட்டுல டீச்சர் வேலை, விசா கிடைக்கணும், தடையெல்லாம் விலகணும்னு. எல்லாரும் கையை உயர்த்தி ஜெபிச்சோம். நானும் சத்தமா ஆமென் சொன்னேன்மா. வீட்டுக்குப் போய் சாப்பிட உட்கார்ந்தப்புறம்தான் தோணிச்சு, பாஸ்டர் காதுல ஜெப விண்ணப்பம் சொன்னது நம்ம கணக்கு டீச்சராச்சேன்னு."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. எழுந்து போய் என் பட்டத்தை பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"பப்ளிக் எக்ஸாம் முடியட்டும். அப்புறம் பேசலாம். பொய்க்குக் கையெழுத்து போட்டவளுக்கும் அதேதான்."

மாதக் கடைசி எங்கே, பொதுத்தேர்வு எங்கே. தீவு வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். வெளியே வந்ததும் எனக்கு அவர் மேல் இருந்த கோபத்தைவிட அவள் மேல் இருந்த கோபம் அதிகமாக இருந்தது. லஞ்சில் அவளைச் சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

"யாரைக் கேட்டு சொன்ன?"

"கடவுள்கிட்ட சொல்றதுக்கு யாரைக் கேக்கணும்க்கா?"

"கடவுள்கிட்ட மட்டுமா சொன்ன? மைக்ல சொல்லியிருக்க!"

"நான் சொல்லலக்கா, பாஸ்டர் சொன்னாரு. நான் அவர் காதுலதான் சொன்னேன். உங்க பேரைக்கூட சொல்லல, ஒரு சகோதரின்னுதான்."

"அந்த ஆளு அங்க உட்கார்ந்திருக்கறது உனக்குத் தெரியாது?"

"மூணாவது பெஞ்சு. எப்பவும் அங்கதான்."

"அப்ப தெரிஞ்சேதான் செஞ்சிருக்க. உனக்கு என்ன வேணும்? என் கிளாஸா? நேரா கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. டிஃபன் பாக்ஸை மூடி, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"உங்க கிளாஸ் யாருக்குக்கா வேணும், பின் வரிசைல பாதி பேர் தூங்கறானுங்க. சரி, சார் தான் எவ்வளவு சத்தமா ஆமென் சொன்னேன்னு சொன்னாரா?"

"சொன்னார். அதுக்கு என்ன இப்ப?"

"நாளைக்குக் காலைல நாம ரெண்டு பேரும் உள்ள போறோம். நீங்க வாயத் தெறக்காதீங்க. தெறந்தா கெட்டுடும்."

எனக்குச் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. நான் சொன்னதைத் தவறு என்று அப்போதும் நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை. என் இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பார்கள். வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் வழக்கமாகக் கிண்டல் செய்வார், அன்று செய்யவில்லை. "போய்ப் பாரு, உள்ள இருக்கற பேப்பர் அதுக்கு மேல எங்க போயிடப் போவுது" என்றார்.

மறுநாள் காலை பிரேயர் முடிந்ததும் உள்ளே போனோம். அவர் எங்களை உட்காரச் சொல்லவில்லை. அவள் தானாகவே உட்கார்ந்தாள். நான் நின்றேன்.

"சார், இந்த ஞாயித்துக்கெழம சாட்சி சொல்ற வாரம்" என்றாள்.

எனக்கு அது புரியவில்லை. பிறகு தெரிந்துகொண்டேன். ஜெபத்துக்குக் கொடுத்தவர்கள், அது நடந்ததா இல்லையா என்று சில வாரங்களில் சபை முன்னால் எழுந்து நின்று சொல்வார்களாம். ஜெபித்தவர்களும் காத்திருந்து கேட்பார்களாம்.

"அதுக்கு?" என்றார் தாளாளர்.

"நம்ம சபைல எல்லாரும் ஜெபம் பண்ணியிருக்காங்க சார். வாசல்ல பார்த்தவங்கல்லாம் கேக்கறாங்க, விசா என்னாச்சு, தடை விலகிச்சான்னு. நான் எழுந்து நிக்கணும். என்ன சொல்றதுன்னு தெரியல, அதான் உங்களைக் கேக்கலாம்னு வந்தோம்."

"இன்னும் நேரம் வரலன்னு சொல்லு."

"சொல்லலாம் சார். அப்ப என்ன தடைன்னு பாஸ்டர் கேப்பாரு. அந்தத் தடைக்காக மறுபடி ஜெபம் பண்ணச் சொல்லுவாரு. உபவாச ஜெபமும் வைப்பாரு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கு எதிரா சபைல பேசுவியா?"

"ஐயோ, இல்ல சார். உங்களுக்கு எதிரா எதுக்குப் பேசப்போறேன்? நீங்க ஆமென் சொன்னவரு. நடந்தது என்னன்னு மட்டும்தான் சொல்லுவேன். பொய் சொல்லக் கூடாதே. ஏற்கெனவே ஒரு பொய்க்குக் கையெழுத்து போட்டுட்டேன்."

அவர் நெடுநேரம் என்னைத்தான் பார்த்தார், அவளை அல்ல. என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கடைசியில் மேஜை டிராயரைத் திறந்து சாவியை எடுத்தார்.

"புது ஆள் வர்ற வரைக்கும் கிளாஸ் எடுக்கணும்."

"எடுக்கறேன். எழுதித் தர்றேன்" என்றேன். அதுவரை நான் பேசவில்லை. அதற்கு மேல் முடியவில்லை. "ஆனா ரெண்டும் இப்பவே என் கைக்கு வரணும் சார். அவளோடதும் வரணும்."

"அவ எங்கயும் போகலையே?"

"போகலைன்னா குடுத்தா என்ன சார்?" என்றாள் அவள், அதே குரலில்.

மூன்று உறைகளை மேஜைமேல் வைத்தார். என் எம்.எஸ்சி., என் பி.எட்., ஓரம் மஞ்சளாகிப்போன அவளுடைய உறை. நான் ஒவ்வொன்றையும் உருவி, பெயரையும் எண்ணையும் சரிபார்த்தேன். அவர் எதிரிலேயே பார்த்தேன். வெளியே வந்ததும் அவள் தன் உறையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. என் விசாவுக்காக நடந்த சண்டையில் இவளும் தன் சான்றிதழ்களை வெளியே கொண்டுவந்துவிட்டாள். இதற்காகத்தானா அந்தக் கையெழுத்து? இதற்காகத்தானா அந்த ஜெபம்? கேட்டேன்.

"அக்கா, உங்களுக்கு உங்க பேப்பர் கிடைச்சுதா இல்லையா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அந்தச் சர்ச்சுக்குப் போனேன். பக்தியால் போகவில்லை. அவள் என்ன சொல்கிறாள் என்று பார்க்கப் போனேன். கடைசி வரிசையில் செருப்பைக் காலடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் எழுந்து, ஒரு சகோதரிக்கு இருந்த தடை விலகியது, அதை விலக்கக் கர்த்தர் நம் சபையிலேயே ஒருவரைப் பயன்படுத்தினார் என்றாள். அவ்வளவுதான். பெயர் சொல்லவில்லை. மூன்றாவது பெஞ்சில் வெள்ளைச் சட்டை அசையாமல் இருந்தது. சபை ஆமென் சொன்னது. அவர் சொன்னாரா என்று பின்னாலிருந்து தெரியவில்லை.

பி.எட்.டுக்கும் முத்திரை வாங்கி மாதக் கடைசிக்குள் அனுப்பினேன். வேலை விசா வந்தது. புது ஆள் வரும்வரை சொன்னபடி வகுப்பெடுத்தேன். விமானத்தில் சான்றிதழ்களைப் பெட்டியில் போடவில்லை, மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்து சீட்டுக்காரர் உள்ளே என்ன, நகையா என்று கேட்டார். இல்லை என்றேன். நம்பவில்லை.

தீவுப் பள்ளியில் சேர்ந்த முதல் நாள் அலுவலகத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். ஒரிஜினல்ஸ் கொடுங்கள், ஃபைலில் வைத்துக்கொள்கிறோம் என்றாள். வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன் என்றேன். வேடிக்கை என்று நினைத்துவிட்டாள். நான் கையை எடுக்கவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது. நகலை மட்டும் வைத்துக்கொண்டாள். இங்கே பெரிய குறையொன்றும் இல்லை. ஆனாலும் அறைத்தோழி வெளியே போகும்போதெல்லாம் பெட்டியின் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறேன்.

போன வாரம் கணக்கு டீச்சர் ஃபோன் செய்தாள். பின்னால் சாலைச் சத்தம், ஷேர் ஆட்டோவில் இருந்தாள் போல.

"அக்கா, அங்க மேத்ஸ் வேகன்சி ஏதாவது இருக்கா?"

"முதல்ல நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. அன்னைக்கு மூணாவது பெஞ்சுல அவர் இருக்கார்னு தெரிஞ்சு வேணும்னேதான ஜெபத்துக்குக் குடுத்த?"

"தெரிஞ்சுதான்க்கா. அவரும் ஜெபம் பண்ணா நல்லதுதானேன்னு குடுத்தேன்."

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"சிக்னல் சரியில்லக்கா. வேலை இருக்கா, இல்லையா?"

இருந்தது. நோட்டீஸ் போர்டில் நானே பார்த்திருந்தேன். சான்றிதழ்களை ஸ்கேன் செய்து அனுப்பச் சொன்னேன்.